காட்டிய ஒல்லாந்து, மறைத்த ஒல்லாந்து

என் கணவரின் குடும்பப் பெயர் 'வான் டெர்' என்று தொடங்கும். நெதர்லாந்துப் பதிவேடுகளில் இந்த 'வான் டெர்' கணக்கில் வராது. அதற்குப் பின்னால் நிற்கும் பெயரின் முதலெழுத்தில்தான் தேடவேண்டும். அவுஸ்திரேலியாவிலோ எல்லா வான்களும் 'வி' எழுத்துக்குள் ஒரே குவியலாகக் கிடக்கும். என் மாமனார் 1954இல் இந்த நாட்டில் இறங்கியதிலிருந்து 'வி'க்குள் போனவர். அவர் காலத்தில் பெயரையே நறுக்கி எறிந்தவர்களும் இருந்தார்கள். ஹேக் நகரப் பக்கத்திலிருந்து வந்த யோஹானஸ் வான் டென் பெர்ஹ், ஹாரி வாண்டா ஆனார். ஹில்வெர்சமில் பிறந்த டிங்கமான் வான் டெர் ஸ்லாய்ஸ், டிக் டயமண்ட் ஆனார். சிட்னியின் வில்லவுட் குடியேற்ற விடுதியில் பழக்கமான பெடியன்களோடு இவர்கள் சேர்ந்து 1964இல் தொடங்கியதுதான் ஈஸிபீட்ஸ் இசைக்குழு. அவுஸ்திரேலிய ரொக் இசையின் பெருமை என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். அந்த ஐந்து பேரில் ஒருவர்கூட அவுஸ்திரேலியாவில் பிறந்தவரில்லை.

"அப்பா பக்கம் ஸீலாந்து, அம்மா பக்கம் போர்ட் மெல்பேண்" என்று என் கணவர் தன்னை அறிமுகப்படுத்துவார். இரண்டு பக்கமும் சரிபாதியாக வளர்ந்திருப்பார் என்றுதான் கலியாணமான புதிதில் நினைத்தேன். ஒரு பக்கம் தானாகக் கிடைத்திருக்கிறது. மற்றப் பக்கத்தை நடுவயதில் தேடிப் போக வேண்டியிருந்திருக்கிறது.

நான் நெடுந்தீவுக்காரி. ஒல்லாந்தர் எங்கள் தீவுகளுக்குத் தங்கள் நகரங்களின் பெயரைச் சூட்டினார்கள்: காரைநகர் ஆம்ஸ்டர்டாம், வேலணை லெய்டன், நெடுந்தீவு டெல்ஃப்ட். கடைசிப் பெயர் மட்டும் அரச காகிதங்களில் இன்றைக்கும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1658இல் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தவர்கள், 1795இல் பிரித்தானியரிடம் விட்டுப் போனார்கள். அவர்களுடைய உத்தியோகத்தர் கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் தொகுத்துக் கொடுத்த தேசவழமையை வைத்துத்தான் எங்கள் சீதனக் காணி வழக்குகள் இன்னும் நடக்கின்றன. எனக்கு ஒல்லாந்தர் என்றால் கோட்டை, வரி, காணி. கலியாணப் பேச்சு எழுந்தபோது பெரியம்மா கேட்டது இதுதான்: "ஒல்லாந்தனோ பிள்ளை? கோட்டை கட்டின ஆக்களின்ர வழியோ?"

கோட்டை கட்டியவர்களின் வழி இல்லை. அணை உடைந்தவர்களின் வழி. மாமனாரின் ஊர் நெதர்லாந்தின் தென்மேற்கு மூலையில், ஸீலாந்து மாகாணத்தில், ஸ்கவ்வன்-டைவலாந்து என்ற தீவு. கடல் மட்டத்துக்குக் கீழே வயல், சுற்றிவர அணை. 1944இல் ஜேர்மன் படை நேசநாட்டுத் தரையிறக்கத்துக்குப் பயந்து தீவைத் தானே தண்ணீரில் மூழ்கடித்தது. போர் முடிந்து, அணையை அடைத்து, உப்பேறிய மண்ணுக்கு மருந்துபோட்டு, பீட் கிழங்கும் உருளைக்கிழங்கும் மறுபடி கண்ணுக்குத் தெரிகிற நேரத்தில் 1953 ஜனவரி 31 இரவு வந்தது. வடகடல் புயலும் உச்சக் கடற்பெருக்கும் ஒன்றாக ஏறின. நாடு முழுவதும் 1,836 பேர் இறந்தார்கள். மாமனாரின் தீவில் ஓவர்கெர்க் என்ற ஊரில் இருந்த கடைசி உடைப்பை அடைக்க நவம்பர் மாதம் ஆகியது. அதுவரை நாளுக்கு இருமுறை கடல் வயலுக்குள் வந்து போய்க்கொண்டிருந்தது.

வெள்ளம் வராவிட்டாலும் அவர்கள் கிளம்பியிருக்கக்கூடும். தலைக்குமேல் ஆட்கள், போரில் உடைந்த வீடுகள், 1949இல் கைவிட்டுப்போன இந்தோனேசியா. பிரதமர் வில்லெம் டிரேஸ் 1950ஆம் ஆண்டின் புத்தாண்டு உரையிலேயே, மக்களில் ஒரு பகுதியினர் துணிந்து பெரிய நாடுகளில் வாழ்வு தேட வேண்டும் என்று சொன்னார். ஒரு நாட்டின் பிரதமரே குடிமக்களைப் போகச் சொல்வதை யோசித்துப் பார்க்கிறேன். எங்கள் பக்கத்தில் அரசு அப்படி மரியாதையாகச் சொன்னதில்லை. அந்தப் பக்கத்தில் அனுப்ப ஆசை, இந்தப் பக்கத்தில் எடுக்க ஆசை. போருக்குப் பிந்திய குடிவரவு அமைச்சர் ஆர்தர் கால்வெல், சனத்தொகையைப் பெருக்காவிட்டால் நாடு அழியும் என்ற கட்சிக்காரர். 1951இல் இரு அரசுகளும் செய்த உடன்படிக்கைப்படி கப்பல் செலவில் பெரும்பகுதியை அரசுகள் கொடுத்தன. வந்தவர் இரண்டு வருடம் காட்டிய இடத்தில் காட்டிய வேலையைச் செய்யவேண்டும்.

பணத்தை நாட்டைவிட்டுக் கொண்டுபோகக் கட்டுப்பாடு இருந்ததால் ஒல்லாந்தர் சாமானாகக் கொண்டுவந்தார்கள். ஆள் உயர மரப்பெட்டி. அதற்குள் கட்டில், தையல் மெஷின், சைக்கிள்கள், கோப்பி அரைக்கும் கை இயந்திரம், போர்வைகள். கழற்றிப் பூட்டும் முழு வீட்டையே பெட்டிகளில் அடைத்து வந்தவர்களும் உண்டு. மாமனாரின் வீட்டுப் பெட்டி பிறகு விக்டோரியாவின் கிப்ஸ்லாந்தில் கோழிக்கூடானது. அதன் பலகையில் கப்பல் கம்பனியின் கறுப்பு எழுத்து தெரிகிற படம் ஒன்று இருக்கிறது. அவர் குடும்பத்தில் நான் பார்த்த படங்களில் எனக்குப் பிடித்தது அதுதான். வரும் வழியில் கப்பல் கொழும்பில் நின்றதாம். பத்தொன்பது வயதில் முதன்முதலாக அன்னாசி தின்றதை மாமனார் எனக்குச் சொன்னார், ஏதோ என் தகப்பன் கையால் வாங்கியதுபோல.

கப்பல் மெல்பேணில் ஸ்டேஷன் பியர் துறையில் கட்டும். அங்கிருந்து ரயிலில் போனகில்லா. வொடொங்கா நகருக்கு அருகே பழைய இராணுவ முகாம். தகரக் குடில்கள், வரிசையில் நின்று சாப்பாடு. 1947 முதல் 1971 வரை 3 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் அந்த முகாமுக்குள்ளால் அவுஸ்திரேலியாவுக்குள் நுழைந்தார்கள். ஒல்லாந்தரிடம் போனகில்லா என்று சொன்னால் முதலில் வரும் முறைப்பாடு செம்மறி ஆட்டிறைச்சி. காலையும் மத்தியானமும் இரவும் அதே கொழுப்பு வாடை. இரண்டாவது முறைப்பாடு, கோப்பி இல்லை.

இதில் ஒரு வேடிக்கை. ஓமாவுக்கு, அதாவது மாமனாரின் தாய்க்கு, அவுஸ்திரேலியாவில் கப்பலேறும் முன்பே பெயர் தெரிந்த ஊர் ஒன்று இருந்தது. சிட்னியுமில்லை, மெல்பேணுமில்லை, போனகில்லாவிலிருந்து கூப்பிடு தூரத்திலிருக்கும் ஆல்பரி. 1934 ஒக்டோபரில் லண்டனிலிருந்து மெல்பேணுக்கு நடந்த விமானப் போட்டியில் கேஎல்எம் நிறுவனத்தின் 'ஆய்வர்' என்ற டிசி-2 விமானம் கலந்துகொண்டது. கடைசி இரவில் இடிமழைக்குள் வழி தவறி ஆல்பரிக்கு மேல் சுற்றியது. ஊர் மின்பொறியாளர் தெருவிளக்குகளை அணைத்து ஏற்றி மோர்ஸ் குறியில் ஊர்ப் பெயரைக் காட்டினார். வானொலி அறிவிப்பாளர், கார் வைத்திருக்கிற எல்லோரும் குதிரைப் பந்தயத் திடலுக்கு வாருங்கள் என்று அழைத்தார். கார்களின் முன்விளக்கு வெளிச்சத்தில் விமானம் சேற்றில் இறங்கியது. விடிந்ததும் ஊராட்கள் கயிறு கட்டி இழுத்து வெளியே எடுத்துவிட, அது மெல்பேண் போய் இரண்டாவதாக வந்தது. அந்த டிசம்பரிலேயே ஆய்வர் பாலைவனத்தில் விழுந்து அதிலிருந்த ஏழு பேரும் இறந்தபோது ஆல்பரி மக்களும் துக்கம் கொண்டாடினார்கள். நெதர்லாந்தில் அந்தத் தலைமுறைப் பிள்ளைகள் எல்லோருக்கும் இந்தக் கதை தெரியும். கயிறு பிடித்து இழுத்த ஊருக்குப் பக்கத்தில் ஆட்டிறைச்சிக்கு வரிசையில் நின்ற ஓமா, "வானத்திலிருந்து வந்திருந்தால் நல்லாய்க் கவனித்திருப்பார்கள்" என்று சொன்னாராம்.

என் கணவரின் அம்மா பக்கத்துத் தாத்தாவை பொப் என்பார்கள். அவர் போர்ட் மெல்பேண் துறைமுகத் தொழிலாளி, தொழிற்சங்கக்காரர். 1945 செப்டெம்பரில், சுதந்திரம் அறிவித்த இந்தோனேசியாவை மறுபடி பிடிக்க ஆயுதமும் ஆட்களும் கொண்டுபோகவிருந்த ஒல்லாந்தக் கப்பல்களில் சாமான் ஏற்றமாட்டோம் என்று பிரிஸ்பேனில் தொடங்கிய மறுப்பு மற்றத் துறைமுகங்களுக்கும் பரவியது. இந்தோனேசியக் கடலோடிகள் இறங்கிப் போனார்கள். அவர்களுக்குப் பதிலாக ஏற்றிய இந்தியக் கடலோடிகளும் சிட்னியில் இறங்கிப் போனார்கள். ஒல்லாந்து அரசு திரைப்பட ஆணையாளராக நியமித்திருந்த யோரிஸ் இவன்ஸ் அந்தப் பதவியை உதறிவிட்டு இந்த மறுப்பைப் படமாக எடுத்தார். 1946இல் வெளிவந்த 'இந்தோனேசியா கோலிங்' அதுதான். பொப்பும் அப்போது கை கட்டி நின்றவர்களில் ஒருவர். ஒன்பது வருடம் கழித்து அதே துறைமுகத்தில், ஒல்லாந்துக் கப்பல் ஒன்றிலிருந்து அவருடைய வருங்கால மருமகன் இறங்கினார்.

1960இல் கலியாணம். சம்பந்திகள் இருவரும் முதன்முதலாகப் பேசியபோது பொப் ஜாவாவைப் பற்றிக் கேட்டிருக்கிறார். ஓபாவின், அதாவது மாமனாரின் தகப்பனின், மூத்த மகன் கட்டாயப் படைச்சேவையில் ஜாவாவுக்கு அனுப்பப்பட்டுத் திரும்பியவர். ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பெடியன்களை அந்த நாடு அப்படி அனுப்பியது. ஓபா பதில் சொல்லாமல் சுருட்டுப் பெட்டியை நீட்டினாராம். அதற்குப் பிறகு இரு வீட்டிலும் அந்தப் பேச்சு எழவில்லை. என் கணவர் இந்த இரண்டு கதைகளையும் தனித்தனியாகத்தான் கேட்டு வளர்ந்தார். ஒன்றுக்கொன்று மறுபக்கம் என்பது நூலகத்தில் ஒரு புத்தகத்தைப் புரட்டியபோது தெரிந்ததாம்.

வீட்டுக்குள் ஒல்லாந்து எப்படி இருந்தது? நேரத்தில் இருந்தது. காலை பத்து மணிக்குக் கோப்பி, அதோடு ஒரு விசுக்கோத்து. எடுத்ததும் தகரப் பெட்டி மூடப்படும். வந்த ஆளுக்கு இலை நிறையாவிட்டால் அவமானம் என்று நினைக்கிற ஊரிலிருந்து வந்த எனக்கு அந்த மூடி விழும் சத்தம் பழக நாளெடுத்தது. டிசம்பர் 5ஆம் திகதி சின்டர்கிளாஸ் வருவார். பிள்ளைகள் சப்பாத்துக்குள் அவருடைய குதிரைக்குக் கரட் வைப்பார்கள். வருடக் கடைசி இரவில் ஓலிபோலன் பொரிக்க வேண்டும். முந்திரிகை வற்றல் போட்ட மா உருண்டை. வடகடல் குளிருக்கென்று பிறந்த பலகாரம். விக்டோரியாவின் நாற்பது பாகை வெயிலில் கொதி எண்ணெய்க்கு முன்னால் ஓமா நின்ற கோலத்தைப் பார்த்து, அவுஸ்திரேலியச் சம்பந்தி வீட்டார் முற்றத்தில் பியர் போத்தலோடு சிரிப்பார்களாம். பொரித்து வந்ததும் ஒன்றும் மிஞ்சாது. பிறந்தநாள் நாட்காட்டி கழிப்பறைக் கதவில் தொங்குவது அவர்கள் வழக்கம். மாமியார் அதைக் கழற்றி உடுப்புத் தோய்க்கும் அறைக்கு மாற்றினார்; அவருடைய தோழிகள் சிரித்தார்களாம்.

பேச்சு மட்டும் இல்லை. மாமியாருக்கு டச்சு தெரியாது. பிள்ளைகளுக்கு இரண்டு மொழி குழப்பம் தரும் என்று அறிவுரை சொன்ன தாதிகளும் ஆசிரியர்களும் அந்தக் காலத்தில் ஏராளம். மாமனாரும் அதை மனதார ஏற்றார். 'புதிய அவுஸ்திரேலியர்' என்று அரசு சூட்டிய பெயரை அவர் பட்டம்போல எடுத்துக்கொண்டவர். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை மரச்செருப்பு என்று கேலி செய்தபோது, பதில் சொல்லாதே, நல்லாய் ஓடு, நல்லாய் நீந்து என்றாராம். என் கணவருக்கு வாய்த்த டச்சு: ஒரு சாப்பாட்டுச் செபம், சீட்டாட்டத்துக்கு வேண்டிய எண்கள், கொஞ்சம் ஏச்சு. இது ஒரு வீட்டுக் கதை மட்டுமில்லை. 1961 கணக்கெடுப்பில் நெதர்லாந்தில் பிறந்தவர்கள் ஒரு லட்சத்துக்கு மேல் இருந்தார்கள். மொனாஷ் பல்கலைக்கழக மொழியியலாளர் மைக்கேல் கிளைன் கணக்கெடுப்புகளை வைத்துக் காட்டியபடி, அவுஸ்திரேலியாவுக்கு வந்த சமூகங்களில் மிக விரைவாக ஆங்கிலத்துக்கு மாறியவர்கள் ஒல்லாந்தர். இரண்டாம் தலைமுறையில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டோர் வீட்டில் ஆங்கிலம் மட்டுமே பேசினார்கள். கிரேக்கர் பள்ளி கட்டினார்கள், இத்தாலியர் கடைத்தெருவே கட்டினார்கள். டாஸ்மேனியாவின் கிங்ஸ்டனில் குரோனிங்கன் ஆட்கள் 1962இல் கால்வின் பள்ளியைத் திறந்தார்கள்தான். ஆனால் அங்கே காத்தது வேதத்தை. கண்ணுக்குத் தெரியாத குடியேறிகள் என்று ஒல்லாந்தரைப் பாராட்டாகவே எழுதினார்கள். பாராட்டிய அரசுக்கு அது வசதி. பிள்ளைகளுக்கு என்ன வசதி என்பதை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இந்த மறைவு எல்லோருக்கும் அனுமதிக்கப்பட்டதுமில்லை. அம்போன் பக்கத்தைச் சேர்ந்த ஆனி யாக்கொப் என்ற பெண், போர்க்காலத்தில் ஒல்லாந்த இந்தியத் தீவுகளிலிருந்து கணவன் பிள்ளைகளோடு மெல்பேணுக்குத் தப்பி வந்தவர். கணவர் ஒல்லாந்தர் தரப்புக்கு வேலை செய்து 1944இல் விமான விபத்தில் இறந்தார். ஆனி 1947இல் ஓ'கீஃப் என்ற அவுஸ்திரேலியரை மணந்தார். ஒல்லாந்து விவசாயிகளைக் கை நீட்டி வரவேற்ற அதே கால்வெல், இவரையும் எட்டுப் பிள்ளைகளையும் நாடு கடத்த உத்தரவிட்டார். 1949இல் உயர் நீதிமன்றம் ஆனியின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. இந்தோனேசியாவில் பிறந்த கலப்பு ஒல்லாந்தர் பலர் நெதர்லாந்துக் கடவுச்சீட்டோடு விண்ணப்பித்தபோது, அதிகாரிகள் கடவுச்சீட்டை விட்டுவிட்டு முகத்தைப் பார்த்தார்கள். நான்கில் மூன்று பங்கு ஐரோப்பிய வம்சம், ஐரோப்பியத் தோற்றம், ஐரோப்பிய வளர்ப்பு: கலப்பு வம்சத்தவர் உள்ளே வர இதுதான் அளவுகோல். 1964இல்தான் கொஞ்சம் தளர்த்தினார்கள். அவர்களுடைய சம்பலும் நசிகொரெங்கும் மட்டும் தடையில்லாமல் வந்துவிட்டன. மாமியாரின் அலுமாரியில் சம்பல் போத்தலைக் கண்ட நாள் இந்த வீட்டில் பிழைத்துக்கொள்வேன் என்று எனக்கு நம்பிக்கை வந்த நாள்.

இலங்கைப் பறங்கியருக்கும் அதே அளவுகோல்தான். 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்ததும் ஆங்கிலத்தில் உத்தியோகம் பார்த்த ஒல்லாந்தப் பறங்கியர் மெல்பேணுக்குப் பெருமளவில் கிளம்பினார்கள். வம்சத்துக்கு அத்தாட்சி வேண்டும். அது கொழும்பில் தயாராக இருந்தது. அரச சுவடிக்காப்பாளர் ஆர். ஜி. அந்தோனிஸ் முன்னின்று 1908இல் தொடங்கிய ஒல்லாந்தப் பறங்கியர் சங்கம், தன் சஞ்சிகையில் குடும்பம் குடும்பமாக வம்சாவளியை அச்சிட்டு வைத்திருந்தது: எந்தப் படைவீரன், எந்த ஊரிலிருந்து, எந்தக் கப்பலில், யாரை மணந்தான். பொழுதுபோக்காகத் தொகுத்த அந்தப் பட்டியல்கள் ஐம்பது வருடம் கழித்து விசா விண்ணப்பத்தோடு போயின. ஸீலாந்து விவசாயி உள்ளே வந்தபின் ஒல்லாந்தைக் கழற்றி வைக்க வேண்டும். கொழும்புப் பறங்கி அதைக் கையில் ஏந்தி வந்தால்தான் கதவு திறக்கும். இரண்டையும் கேட்டது ஒரே அரசு, ஒரே காலத்தில்.

டண்டினோங்கில் எனக்குப் பழக்கமான பறங்கி மூதாட்டி ஒருவர் ஒரு நத்தாருக்கு எங்கள் வீட்டுக்கு ப்ரூடர் கேக் கொண்டுவந்தார். ஈடம் சீஸ் துண்டோடு சாப்பிட வேண்டும் என்று சொல்லி அதையும் கொண்டுவந்தார். மாமனார் அப்போது உயிரோடிருந்தார். "நானும் டச்சுதான்" என்று மூதாட்டி தொடங்கி, வுல்வெண்டால் கோயிலில் ஞானஸ்நானம் பெற்ற பாட்டன் பூட்டன் எல்லோரையும் வரிசையாகச் சொன்னார். மாமனார் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அறுபது வருடமாகியும் போகாத ஸீலாந்துத் தொனியில், "நான் அவுஸ்திரேலியன்" என்றார். ப்ரூடர் அவருக்குப் புதுசு. பறங்கியரின் வாழையிலைச் சோறான லம்ப்ரைஸின் பேரையே கேள்விப்பட்டதில்லை. "சொந்தச் சாப்பாட்டையே தெரியாத மனிசன்" என்று மூதாட்டி வாசலில் என் காதுக்குள் சொன்னார். மாமனார் மூன்று துண்டு சாப்பிட்டிருந்தார், அதுவும் விசுக்கோத்துக் கணக்கு பார்க்காமல்.

நடுவயதில் என் கணவருக்கு நெதர்லாந்துக் கடவுச்சீட்டு எடுத்துப் பார்க்கும் ஆசை வந்தது. 1985க்கு முன்னால் பிறந்தவர்களுக்கு அந்தக் குடியுரிமை தகப்பன் வழியாகத்தான் வரும். மாமனார் நிரந்தர வேலைக்காக 1964இல் அவுஸ்திரேலியக் குடியுரிமைச் சத்தியம் செய்தவர். செய்த அன்றே ஒல்லாந்துக் குடியுரிமை போய்விட்டது. 1962இல் பிறந்த மச்சாள் பிறப்பால் ஒல்லாந்தக்காரி. 1966இல் பிறந்த இவர் இல்லை. ஒரே தாய், ஒரே தகப்பன், ஒரே வீடு. இதைக் கேட்டு மச்சாள் கொஞ்ச நாள் ராணிபோலத் திரிந்தார். பிறகு சட்டத்தை இன்னும் வாசித்தோம். வேறு நாட்டில் பிறந்து, அந்நாட்டுக் குடியுரிமையும் வைத்துக்கொண்டு, பெரியவரானபின் பத்து வருடம் அங்கேயே இருந்தால் ஒல்லாந்துக் குடியுரிமை தானாக விழும் என்று 1985இன் சட்டம் அப்போது சொன்னது. அந்தப் பத்து வருடம் முதன்முதலாக நிறைந்த 1995 ஜனவரி 1 அன்று உலகெங்கும் பலர் தெரியாமலேயே அதை இழந்தார்கள். மச்சாளும் இழந்தார். தன்னிடம் அது இருந்ததே அவருக்குப் பதினைந்து வருடம் கழித்துத்தான் தெரியும். இப்போது அவர் இணையத்தில் டச்சு படிக்கிறார்; தம்பிக்காரன் அவரிடம் சீட்டாட்ட எண்களைத் திருத்திக் கொடுக்கிறார்.